குளிரைப் பார்த்த கருவி
(முன்னாள் மாணவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"பத்து நிமிஷம்தான், கணக்கு எதுவும் வேண்டாம்" என்று சங்கச் செயலாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆகவே ஒரே ஒரு கருவியைப் பற்றிப் பேசுகிறேன். அதன் பெயர் ஸ்பயர். ஐரோப்பிய விண்வெளி முகமை 2009 மே 14 அன்று ஏவிய ஹெர்ஷல் விண்தொலைநோக்கியில் இருந்த மூன்று கருவிகளில் ஒன்று. பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாட் கிரிஃபின் தலைமையில் பல நாட்டார் கூடிச் செய்தது.

நட்சத்திரம் சூடானது, கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் நட்சத்திரம் பிறக்கிற தூசி மேகமோ மைனஸ் 250 டிகிரியை ஒட்டிய குளிரில் கிடக்கிறது. அதுவும் ஒளி விடத்தான் செய்கிறது. அந்த ஒளியின் அலைநீளம் ஒரு மில்லிமீட்டரில் கால் பங்கு, அரைப் பங்கு. நம் கண்ணுக்குப் படாது. காற்றிலுள்ள நீராவி அதில் பெரும்பகுதியை வழியிலேயே விழுங்கிவிடும். அதனால்தான் ஹெர்ஷலைப் பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நிறுத்தினார்கள்.

அங்கே போனால் மட்டும் போதுமா? போதாது. இரவில் விளக்கெரியும் அறையில் நின்று ஜன்னல் வழியாக வெளியே பாருங்கள். தோட்டமா தெரிகிறது? நம் அறைதான் கண்ணாடியில் தெரியும். கருவி சூடாக இருந்தால் அதன் ஒளியே அதன் கண்ணை மறைத்துவிடும். எனவே ஸ்பயரின் உணர்விகளை 0.3 கெல்வின் வரை குளிர்வித்தார்கள். அதற்காக 2,000 லிட்டருக்கு மேல் திரவ ஹீலியம் கூடவே போயிற்று. அது கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிக்கொண்டே இருக்கும். மறுபடி நிரப்ப வழியில்லை. அதாவது, புறப்பட்ட நாளிலேயே ஆயுள் எண்ணப்பட்டுவிட்டது! 2013 ஏப்ரல் 29 அன்று ஹீலியம் தீர்ந்தது.

ஸ்பயரில் இரண்டு பகுதிகள். 250, 350, 500 மைக்ரான் அலைநீளங்களில் படமெடுக்கும் கேமரா ஒன்று, நிறமாலைமானி மற்றொன்று. எங்கே எவ்வளவு ஒளி என்று கேமரா சொல்லும். அங்கே இருப்பது என்ன பொருள் என்று நிறமாலைமானி சொல்லும். நம் இயற்பியல் லேபில் மைக்கேல்சன் கருவியின் திருகைத் திருப்பித் திருப்பி வளையங்களை எண்ணினோமே, ஞாபகம் இருக்கிறதா? தத்துவம் அதேதான். ஒளியை இரண்டாகப் பிரித்து, பாதையின் நீளத்தை மாற்றி, மறுபடி சேர்த்து, ஏற்ற இறக்கத்தைப் பதிவு செய்ய வேண்டியது. மற்றதை ஃபூரியர் கணிதம் பார்த்துக்கொள்ளும்.

இப்படித்தான் லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியின் மைக் பார்லோ குழுவினர் நண்டு நெபுலாவின் பதிவுகளை ஆராய்ந்தார்கள். 1054-இல் சீனர்கள் கண்டு குறித்து வைத்த நட்சத்திர வெடிப்பின் மிச்சம் அது. அவர்கள் தேடியது தூசியை. கிடைத்ததோ எதிர்பாராத இரண்டு கோடுகள்! அவை ஆர்கான் ஹைட்ரைடு அயனியின் கோடுகள் என்று தெரிந்தது. எதோடும் சேராத வாயு என்று நாம் பரீட்சையில் எழுதிய அதே ஆர்கான்தான். மந்த வாயு சேர்ந்த மூலக்கூறு ஒன்று விண்வெளியில் அகப்பட்டது அதுவே முதல் தடவை. 2013 டிசம்பரில் அந்த முடிவு வெளியானபோது ஸ்பயர் கண்மூடி ஏழு மாதம் ஆகிவிட்டது.

மாணவர்களுக்கு நான் சொல்ல வந்தது இதுதான். கருவி போய்விட்டது, பதிவு போகவில்லை. ஹெர்ஷலின் பதிவுகள் ஐரோப்பிய விண்வெளி முகமையின் காப்பகத்தில் யார் வேண்டுமானாலும் கட்டணமின்றி எடுத்துக்கொள்ளும்படி இருக்கின்றன. "நம்ம காலேஜ்ல டெலஸ்கோப் இல்லையே சார்" என்று என்னிடம் குறைப்பட்டவர்கள் உண்டு. 3.5 மீட்டர் ஆடி கொண்ட தொலைநோக்கி நாலு வருஷம் பார்த்ததெல்லாம் உங்களுக்கும் சொந்தம். ஒன்றைத் தேடப் போய் வேறொன்று தட்டுப்பட்டால், பிழை என்று அடித்துவிடாதீர்கள். இன்னொரு முறை பாருங்கள்.