பூகம்பமும் மன வியாதியும்

(கோட்டூர்புரம் கூட்டத்தில் செய்த பிரசங்கம்)



பூகம்பத்தைப் பற்றிக் கோட்டூர்புரத்தில் என்ன பேச்சு என்று சிலர் கேட்கக்கூடும். 2015-ம் வருஷம் டிசம்பர் முதல் வாரத்தில் அடையாறு பெருகி இந்த ஊர் வீடுகளுக்குள் புகுந்ததே, அதற்குப் பிறகு இரவில் மழை பெய்தாலே கண் மூடாமல் உட்கார்ந்திருந்தவர்கள் உங்களில் எத்தனை பேர்? அவர்களுக்கென்ன பைத்தியமா? இல்லை. மனதுக்குப் பட்ட அடி ஆறவில்லை, அவ்வளவுதான். பூகம்பம் கண்ட கிராமவாசிக்கு இந்த அடி இன்னும் பலமானது. வெள்ளம் வடிந்தால் நமக்குத் தரை இருக்கிறது. அவனுக்கோ தரையையே நம்ப முடியவில்லை. பெரிய அதிர்ச்சிக்குப் பின் சிறு அதிர்ச்சிகள் பல நாள் வந்துகொண்டேயிருக்கும்.

மராட்டிய நாட்டில் லாத்தூர் ஜில்லா கில்லாரியில் 1993 செப்டம்பர் 30-ந் தேதி விடியற்காலை 4 மணிக்குச் சற்று முன் பூமி அதிர்ந்தது. முதல் நாள்தான் பிள்ளையாரைத் தண்ணீரில் கரைத்துவிட்டு ஜனங்கள் அசந்து தூங்கினார்கள். ஏறக்குறைய 8,000 பேர் மாண்டார்கள். அவர்களைக் கொன்றது எந்தச் சாமியின் கோபமுமல்ல. சேறு வைத்துக் கட்டிய கனத்த கல் சுவரும், மேலே ஏற்றிய மண் கூரையுமேயாகும். பிற்பாடு 52 கிராமங்களை வேறிடத்தில் புதிதாகக் கட்டினார்கள். நல்ல காரியந்தான். ஆனால் நேர்நேரான அகலத் தெருக்களில் வீடுகளைத் தள்ளித் தள்ளி வைத்ததால், ஒட்டிக் குடியிருந்த பந்துக்கள் பிரிந்துபோனார்கள். துக்கப்பட்டவனுக்குப் பக்கத்து வீட்டுக்காரன் வேண்டும் என்பது இஞ்சினீயர் போட்ட படத்தில் ஏறவில்லை.

நிற்க, 1934 ஜனவரி 15-ந் தேதி பீஹார் பூகம்பத்தில் 10,000 பேருக்கு மேல் செத்தபோது, நமது திருநெல்வேலிக்கு வந்திருந்த தோழர் காந்தியார், இது தீண்டாமைப் பாவத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனை என்றார். தீண்டாமை ஒழிய வேண்டும் என்பதில் நமக்கு ஆக்ஷேபணை இல்லை. ஆனால் தீண்டப்படாதவன் குழந்தையும் அதில் நசுங்கிற்றே, அது யார் செய்த பாவம்? கவி தாகூரே இதைக் கண்டித்தார். இந்தப் பேச்சின் கெடுதி இத்தோடு நிற்பதில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் “நான் என்ன பாவம் செய்தேனோ” என்று தன்னையே குற்றவாளியாக்கிக் கொள்ளுகிறாள். துக்கம் நாளடைவில் ஆறும். பாவி என்ற எண்ணமோ உள்ளிருந்து அரிக்கும்.

2004 டிசம்பர் 26-ந் தேதி சுமத்ராவுக்கருகே கடலடியில் நேர்ந்த பூகம்பம் அலையாக வந்து, நாகப்பட்டினம் ஜில்லாவில் மட்டும் 6,000 பேருக்கு மேல் கொண்டுபோயிற்று. அப்போது தமிழ்நாட்டுக்கு வந்த பெங்களூர் நிம்ஹான்ஸ் ஸ்தாபனத்தார், டாக்டர்களை மாத்திரம் நம்பாமல் சாதாரண ஊழியர்களைப் பழக்கி, துக்கப்பட்டவர்களிடம் உட்கார்ந்து கேட்கச் செய்தார்கள். ஆனால் நிவாரண முகாம்களில் ஆதிதிராவிடரை ஒதுக்கிய கொடுமையும் அப்போதே நடந்தது. அலை ஜாதி பார்க்கவில்லை, முகாம் பார்த்தது!

முதல் சில வாரங்கள் தூக்கமின்மையும் திடுக்கிடுதலும் அழுகையும் எவருக்கும் உண்டு. பெரும்பாலோருக்குத் தானே தணியும். கூரையும் கூலி வேலையும் பள்ளிக்கூடமும் சீக்கிரம் திரும்பினால் இன்னும் விரைவில் தணியும். அழாதே என்று அடக்கவும் வேண்டாம். என்ன கண்டாய், சொல் என்று தோண்டவும் வேண்டாம். மாதம் கடந்தும் சோறு செல்லாமல், வேலைக்குப் போகாமல், சாராயத்தில் விழுந்து கிடப்பவனுக்கு வைத்தியம் வேண்டும். செத்துப் போகிறேன் என்பவனுக்கோ அன்றைக்கே வேண்டும்.

அவனை நம் கிராமத்தில் என்ன செய்கிறார்கள்? பேய் பிடித்ததென்று வேப்பிலை அடிக்கிறார்கள். ஏர்வாடியில் 2001 ஆகஸ்டு 6-ந் தேதி சங்கிலியில் கட்டிக் கிடந்த மன நோயாளிகள் 28 பேர் ஓட முடியாமல் தீயில் வெந்தார்கள். அதே வருஷம் ஜனவரியில்தான் குஜராத் பூகம்பம். அங்கே இடிபாட்டில் சிக்கினவனை இழுக்க உலகமே ஓடிற்று. இங்கே சங்கிலியை அவிழ்க்க ஆளில்லை.

சங்கிலி போடுவதை 2017-ம் வருஷச் சட்டம் தடுத்துவிட்டது. ஜில்லா ஆஸ்பத்திரியில் மன வியாதிக்கு வைத்தியம் உண்டு. 14416 என்ற நெம்பருக்கு டெலிபோன் செய்தால் காசில்லாமல் தமிழிலேயே பேசலாம். வெளியூரிலிருந்து வந்திருக்கும் தோழர்கள் அதை இப்போதே குறித்துக்கொண்டு போய், உங்கள் ஊர் டீக்கடைச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள்.