கற்றலில் இடர்ப்படும் குழந்தைகளும் நமது கடமையும்

 

"இவனுக்குப் படிப்பு ஏறாது, ஷூ கம்பெனிக்கு அனுப்பிவிடுங்கள்." ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி வட்டாரத்தில் இத்தீர்ப்பைக் கேளாத தெரு அரிது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை எழுத்துக் கூட்டத் திணறினால் காரணம் தேடுகிறார்கள். நம் பிள்ளை திணறினாலோ சாதியையே காரணமாக்கிவிடுகிறார்கள். நம் பிள்ளைகளுக்கும் காரணம் தேடப்பட வேண்டும் என்பதே இன்று நாம் சொல்ல வந்த செய்தி.

கற்றல் குறைபாடு என்பது அறிவுக் குறைவு அன்று, சோம்பலும் அன்று. எழுத்தையும் ஒலியையும் இணைத்துக் கொள்வதில் மூளை செயற்படும் முறையில் உள்ள வேறுபாடே அது. வாசிப்பில் தோன்றுவதை டிஸ்லெக்சியா என்பர். எழுதுவதிலும் கணக்கிலும் தோன்றுவது உண்டு. சில குடும்பங்களில் வழிவழியாகவும் வருகிறது. இதற்கு மாத்திரை இல்லை. கற்பிக்கும் முறையே மருந்து.

இதனை எவ்வாறு அறிவது? 'கெ' என்பதில் கொம்பை முன்னே எழுதுகிறோம். அதன் ஒலியோ பின்னே வருகிறது. உடன் பயில்வோர் இதைக் கடந்த பின்னும் சில பிள்ளைகள் நெடுநாள் இடறுவர். மேல்வரியில் படித்த சொல்லைக் கீழ்வரியில் அறியமாட்டார்கள். கரும்பலகையைப் பார்த்து எழுதுகையில் எழுத்துகளை விடுவர். வாயால் கேட்டால் விடை சொல்லும் பிள்ளை, தாளை வெறுமையாகத் தரும். ஓர் அறிகுறியை மட்டும் கண்டு முடிவு கட்டலாகாது. முதலில் கண்ணையும் காதையும் சோதிக்க வேண்டும். பசி, பள்ளிக்கு வாராமை, சரிவரக் கற்பிக்கப்படாமை ஆகியவற்றையும் ஆராய வேண்டும். உறுதியான முடிவு பெரும்பாலும் எட்டு வயதளவில்தான் கிட்டும். உதவியோ அதுவரை காத்திருக்கலாகாது.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் ஏற்றுள்ளது. அதனை விரைவில் கண்டறிந்து ஏற்ற கல்வி அளிப்பது பள்ளியின் கடமை என்கிறது. வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரைத் தலைமையாசிரியர் வழியே அணுகலாம். வேலூரை அடுத்த பாகாயத்தில் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையத்தில் குழந்தைகளுக்கெனத் தனிப் பிரிவு உண்டு. உரிய சான்றிதழ் பெற்றோர்க்குப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் முதலிய சலுகைகள் கிடைக்கின்றன. இச்சலுகைகள் விவரம் அறிந்த வீடுகளோடு நின்றுவிடலாகாது.

இளைஞர்களே! சென்னையில் 1990களின் தொடக்கத்தில் பெற்றோரும் நல்லோரும் கூடி டிஸ்லெக்சியா சங்கம் கண்டனர். நமக்குச் சங்கம் ஏற்கெனவே உண்டு. மாலை வகுப்பு நடத்தும் ஆற்றலும் உண்டு. அங்கே இத்தகைய பிள்ளைக்கு நாள்தோறும் பதினைந்து நிமிடம் தனியே ஒதுக்குங்கள். ஒலியைச் சொல்லிக்கொண்டே மணலில் விரலால் எழுதச் செய்யுங்கள். ஒரு நாளைக்கு ஓரிரு எழுத்துகளே போதும். பலர் முன்னிலையில் உரக்கப் படிக்கச் சொல்லி நாணச் செய்யாதீர்கள்.

தாய்மார்களே! 'மக்கு' என்னும் சொல்லை வீட்டில் வழங்காதீர்கள். அக்காளோடும் அண்டை வீட்டுப் பிள்ளையோடும் ஒப்பிடாதீர்கள்.

கல்வி மறுக்கப்பட்ட மக்கள் நாம். பள்ளிக்குள் நுழைந்துவிட்ட ஒரு குழந்தையையும் 'ஏறாது' என்னும் ஒரு சொல்லுக்கு இழக்க நமக்கு உரிமை இல்லை. வெள்ளி விழாக் காணும் இச்சங்கம் இப்பணியையும் மேற்கொள்ள வேண்டுமெனக் கேட்டு அமைகிறோம்.