பன்னிரண்டு ஊரும் ஒரு மலையும்



ஒடிசாவிலே நியம்கிரி என்றொரு மலை. அதன் மடியிலே டோங்ரியா கோண்டு எனும் பழங்குடியினர், சில ஆயிரம் பேர். மலையின் உச்சியிலோ, அலுமினியத்துக்கு மூலப்பொருளான பாக்சைட்! அடிவாரத்து லாஞ்சிகரிலே வேதாந்தா நிறுவனத்தின் ஆலை. உச்சியை வெட்டி ஆலைக்கு ஊட்டத் திட்டம் தீட்டினர். மலை போனால் ஊற்று போகும், ஓடை போகும், பயிர் போகும் என்று பதறினர் மக்கள். கேட்பார் யார்?

சட்டம் கேட்டது! 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தைச் சுட்டி, மக்களின் உரிமை குறித்துக் கிராமசபையே முடிவு கூறட்டும் என்றது உச்சநீதிமன்றம், 2013 ஏப்ரல் 18 அன்று. மாநில அரசு தேர்ந்தெடுத்ததோ 12 சிற்றூர்களை மட்டுமே! ஊரைக் குறைத்தால் குரல் குறையும் என்ற நினைப்போ, என்னவோ! ஜூலை, ஆகஸ்டுத் திங்களிலே, நீதிபதி முன்னிலையிலே, மன்றங்கள் கூடின. 12 ஊர், 12 தீர்மானம், அத்தனையும் “வேண்டாம்!” 2014 ஜனவரியில் சுரங்கத்துக்கு அனுமதி மறுத்தது மத்திய அரசு. ஆலை அகலவில்லை, ஆனால் மலை நிலைத்தது.

கோட்டையைப் பிடிப்பதே அரசியல் என்று எண்ணிடும் தோழனே! கிராமசபை உன் ஊரிலும் உண்டு. ஏட்டிலே கையொப்பமிட்டுவிட்டு எழுந்து வருகிறாயே, எழுதப்பட்ட தீர்மானம் எது என்று படித்தாயா? ஏரியை, ஆற்று மணலைப் பற்றி ஒரு சொல் பேசினாயா? வனத்து ஊருக்குள்ள வலிமை எல்லா ஊருக்கும் சட்டத்திலே இல்லை, அறிவேன். அதனைக் கேட்டுப் பெறுவதும் அரசியலே! கேட்கும் முன்பு, கையிலிருக்கும் மன்றத்தை நிரப்புவோம், வாரீர்!