அச்சேறாத நாற்பது நூல்கள்



எழுத்தாளர் கடிதங்களைப் பற்றிய இக்கருத்தரங்கிற்குத் தலைமையேற்க அழைத்த துறையினருக்கு என் நன்றி. கட்டுரை வாசிக்க வந்திருப்போரின் நேரத்தை நான் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரே ஒரு கடிதத்தைப் பற்றிச் சொல்லி அமர்கிறேன்.

1920இல் கடையத்திலிருந்து பாரதி தம் நண்பர்களுக்கு ஒரு சுற்றுக்கடிதம் விடுத்தார். தம் எழுத்துகளையெல்லாம் 40 நூல்களாகப் பகுத்து, நூலுக்கு 10,000 படிகள் அச்சிட வேண்டும். முதற்செலவு 20,000 ரூபாய் ஆகும். ஆளுக்குக் குறைந்தது 100 ரூபாயாவது அனுப்புங்கள் என்பது அதன் சாரம். மண்ணெண்ணெய், தீப்பெட்டி போலத் தம் புத்தகங்கள் விலைபோகும் என்றும் உறுதி சொன்னார். அவர் நன்கொடை கேட்கவில்லை. வட்டியோடு திருப்பித் தருவதாகச் சொல்லிக் கடன் கேட்டார். இதைக் கவிஞரின் கனவு என்று ஒதுக்குவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. வறுமையில் வாடிய கவிஞரென்றே அவரைப் பேசிப் பழகிவிட்டோம். இக்கடிதத்தில் இருப்பவரோ முதல், படி எண்ணிக்கை, வட்டி என்று கணக்குப் பார்க்கும் பதிப்பாளர்.

அவருடைய அவசரத்துக்குக் காரணமும் இருந்தது. பாஞ்சாலி சபதத்தின் முதற்பாகம் 1912இல் வெளிவந்தது. இரண்டாம் பாகத்தை நூலாகப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. அதற்கு முன், புதுச்சேரியிலிருந்து பிரிட்டிஷ் எல்லைக்குள் வர முடியாத ஆண்டுகளில், சென்னையில் தம் நூல் அச்சாக அவர் பிறர் கையை எதிர்பார்க்க வேண்டியிருந்தது. 1917இல் கண்ணன் பாட்டை வெளியிட்ட பரலி சு. நெல்லையப்பரின் கை அப்படிப்பட்டது. நெல்லையப்பருக்கு 1915இல் பாரதி எழுதிய கடிதத்தை நம் பிள்ளைகள் பாடநூலில் படிக்கிறார்கள். கடன் கேட்ட கடிதத்தையும் அவர்கள் படிக்க வேண்டும் என்பேன்.

40 நூல் திட்டம் நிறைவேறவில்லை. 1921 செப்டம்பரில் பாரதி மறைந்தார்.

இதுவரை சொன்னது பாரதி எழுதிய கடிதம். எழுத்தாளருக்கு வந்த கடிதங்களும் உண்டு. உ.வே.சாமிநாதையர் தமக்கு வந்த கடிதங்களைப் போற்றிச் சேர்த்துவைத்தார். அதனால்தான் ஆ.இரா.வேங்கடாசலபதியால் 'உ.வே.சா. கடிதக் கருவூல'த்தைத் தொகுக்க முடிந்தது. சுவடி தேடியவர்கள், நூல் கேட்டவர்கள், பொருள் உதவியவர்கள் எல்லோரும் அதில் பேசுகிறார்கள். போலீஸ் கண்காணிப்பில் ஊர் விட்டு ஊர் மாறி வாழ்ந்த பாரதிக்கு அந்த வசதி ஏது? ஒருவருடைய அச்சுப் போராட்டத்தை அவர் எழுதியதை மட்டும் வைத்து எடைபோட்டால் பாதி வழக்கைத்தான் கேட்டவர்களாவோம். எழுத்தாளருக்கு வந்த கடிதங்களைத் தேடும் ஆய்வுகளே எனக்கு இன்று முதன்மையாகப் படுகின்றன.

இளைய ஆய்வாளர்களிடம் ஒரு வேண்டுகோள். எழுத்தாளர் வீடுகளில் கடிதக்கட்டு கிடைத்தால், அத்துடன் உள்ள அச்சக ரசீதையும் விற்பனைக் கணக்கையும் சேர்த்து வாங்குங்கள். பதிப்பிக்கும்போது பணத்தைப் பற்றிய வரிகளைச் சொந்த விஷயம் என்று வெட்டிவிடாதீர்கள்.