வானவில்லில் சேரி எங்கே?

(திருவாமாத்தூர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

நான் திருநங்கை. சேரியில் பிறந்தவள். இந்த ரெண்டையும் சேர்த்துச் சொன்னாத்தான் நான் பேச வந்தது விளங்கும்.

எல்.ஜி.பி.டி. என்று நாலு எழுத்தை ஒரே வரிசையில் எழுதுகிறோம். முதல் மூன்று எழுத்தும் யாரை நேசிக்கிறோம் என்பது பற்றியது. கடைசி எழுத்து, நாம் யார் என்பது பற்றியது. எல்லோரையும் நசுக்குவது ஒரே ஆணாதிக்கம்தான். அதனால் கூட்டணி வேணும். ஆனா கூட்டணிக்குள்ள யாரோட பசி முதல்ல பேசப்படுது?

1973இல் நியூயார்க் பேரணி மேடையில் சில்வியா ரிவேரா ஏறினார். சிறையில் கிடக்கும் தன் மக்களைப் பற்றிப் பேச வந்தவரை, சொந்த இயக்கத்துக் கூட்டமே கூச்சல் போட்டு எதிர்த்தது.

இங்கேயும் பாருங்க. 2018 செப்டம்பர் 6இல் 377ஆம் பிரிவை உச்சநீதிமன்றம் முடக்கியது. மனமொத்த உறவு இனிக் குற்றமில்லை. பெரிய வெற்றிதான். ஆனால் கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறை உள்ளவருக்கே அது முழுசாகக் கைக்கு வந்தது. சித்திரையில் கூவாகத்துக்கு நாங்க வந்தா விழுப்புரமே கூடி வேடிக்கை பார்க்குது, அழகிப் போட்டிக்குக் கை தட்டுது. வைகாசியில வாடகைக்கு வீடு கேட்டுப் பாருங்க, தெரியும்.

2014 நால்சா தீர்ப்பு எங்களுக்கு இடஒதுக்கீடு கொடுக்கச் சொன்னது. 2015இல் தமிழ்நாடு அரசு எங்களை மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில், ஏதோ ஒரு சாதியைப் போலச் சேர்த்தது. நாங்க சாதி இல்லை தோழர்களே. எல்லாச் சாதியிலும் பிறக்கிறோம். அந்தப் பட்டியலில் நின்றால் நான் தலித் என்பது மறைகிறது. பட்டியல் சாதிச் சான்றோடு நின்றால் திருநங்கை என்பது மறைகிறது.

கிரேஸ் பானு போன்ற தலித் திருநங்கைகள் கேட்பது கிடைமட்ட ஒதுக்கீடு. அதாவது, ஒவ்வொரு பிரிவின் இடங்களுக்குள்ளும் அந்தந்தப் பிரிவுத் திருநங்கை, திருநம்பிக்கு ஒரு பங்கு. கர்நாடகம் 2021இல் அரசு வேலைகளில் 1 விழுக்காடு அப்படித் தந்தது. ஆகாத காரியம் இல்லை.

வானவில் கொடி பிடிக்கிற நண்பர்கள் சாதியைப் பேசணும். தலித் இயக்கத் தோழர்களும் ஒன்று கேட்டுக்கணும். ஊர் நம்மைச் சேரியாகத் தள்ளியது. சேரி வீடு தன் பிள்ளையைத் தெருவுக்குத் தள்ளலாமா?

அடுத்த ஊர்வலத்தில் கிடைமட்ட ஒதுக்கீடு என்று எழுதிய தட்டியை நாங்க மட்டும் சுமந்தா போதாது. நீங்களும் ஒரு கை பிடிங்க.