கோடு மாறியது; கஜானா?
(தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)

தோழர்களே!

“வார்டு எல்லையை எங்கே போட்டால் நமக்கென்ன?” என்று பலர் கேட்கிறார்கள். இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரில் நடந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

11 லட்சம் பேருக்கு மேல் வாழும் பெரிய தொழில் நகரம் அது. அங்கே 40 வார்டுகள் இருந்தன. வார்டுக்கு மூன்று பேர் வீதம் 120 கவுன்சிலர்கள். 2018 மே மாதத் தேர்தலில் இது மாறிற்று. வார்டுகள் 69 ஆயின. கவுன்சிலர்கள் 101 ஆகக் குறைந்தனர். 37 வார்டுகளில் தலைக்கு ஒருவர், 32 வார்டுகளில் இருவர்.

கோட்டைப் போட்டது யார்? கட்சிகள் அல்ல, எல்லைக் கமிஷன். ஒரு கவுன்சிலருக்கு இத்தனை வாக்காளர் என்பது எங்கும் ஏறக்குறைய சமமாக இருக்கவேண்டும் என்பது விதி. இது நியாயமான விதிதான். ஒரு வார்டில் ஆயிரம் பேருக்கு ஒருவர், இன்னொன்றில் இரண்டாயிரம் பேருக்கு ஒருவர் என்றிருந்தால், இரண்டாவது வார்டுக்காரனின் ஓட்டு அரை ஓட்டுத்தானே!

கமிஷன் முதலில் நகல் படத்தை வெளியிடும். யார் வேண்டுமானாலும் ஆட்சேபம் எழுதலாம். ஆனால் எழுதுவது யார்? நேரமும் படிப்பும் உள்ளவன் எழுதுகிறான். இரவு ஷிப்டு முடித்துத் தூங்குகிறவன் எழுதுவதில்லை. சங்கம் விழித்திருக்க வேண்டிய இடம் இதுதான்.

சிறு வார்டினால் பலன் உண்டா? உண்டு. ட்ரூயிட்ஸ் ஹீத், மோனிஹல் என்ற புது வார்டுக்கு ஒரே ஸ்தானம். நகரசபையின் வாடகை வீடுகள் நிறைந்த பகுதி அது. அங்கே சிறிய கட்சியான பசுமைக் கட்சி ஜெயித்தது. ஆனால் நகரம் முழுவதும் பாருங்கள்: தொழிற்கட்சி 67, கன்சர்வேடிவ் 25, லிபரல் டெமாக்ரட் 8, பசுமை 1. முன்பு ஆண்ட தொழிற்கட்சியே மீண்டும் ஆண்டது.

பிறகு நடந்ததென்ன? சமையல், துப்புரவு, முதியோர் பராமரிப்பு வேலை செய்த பெண்களுக்கு, சம மதிப்புள்ள வேலை செய்த ஆண்களுக்குக் கிடைத்த போனஸ் கிடைக்கவில்லை. பல்லாண்டு வழக்காடினார்கள், 2012ல் உச்ச நீதிமன்றத்திலும் வென்றார்கள். பாக்கி தீரவில்லை. அது 76 கோடி பவுன் வரை போகலாம் என்று 2023ல் நகரசபை சொல்லிற்று. மத்திய அரசு குறைத்த மானியமும், கம்ப்யூட்டர் திட்டமொன்றில் கரைந்த பணமும் சேர, அவ்வாண்டு செப்டம்பரில் “புதுச் செலவுக்குப் பணமில்லை” என்று கைவிரித்தது. லண்டன் சர்க்கார் கமிஷனர்களை அனுப்பிற்று. 2024ல் வீட்டு வரி நூற்றுக்குப் பத்து ஏறிற்று. நூலகமும் இளைஞர் சேவையும் வெட்டுப்பட்டன. 2025 மார்ச்சில் குப்பை அள்ளும் தொழிலாளர்கள், சம்பள வெட்டை எதிர்த்து முழு வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள்.

யோசியுங்கள், தோழர்களே! பெண்களுக்குச் சேரவேண்டிய கூலியைக் காலத்தில் கொடுத்திருந்தால் கடன் இவ்வளவு குவிந்திராது. கொடுக்காமல் வைத்தது நிர்வாகம். தண்டம் கட்டியது ஏழை வீடும் குப்பை வண்டியும்!

ஆகவே எல்லைக் கோடு அற்பமென்று விடாதீர்கள். படம் வரும்போதே பாருங்கள், சங்கத்தின் பெயரால் எழுதுங்கள். அத்தோடு நிற்காதீர்கள். ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் “எந்த வார்டு?” என்று மட்டும் கேட்டால் போதாது. “கஜானாவில் யார் கூலி பாக்கி நிற்கிறது? அதை எப்போது கொடுப்பீர்?” என்று கேளுங்கள். பதிலை ஊரறியச் சொல்லச் செய்யுங்கள்!