திடல் யாருக்கு?



அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் மிஷன் என்றொரு வட்டாரம். லத்தீன் அமெரிக்கக் குடும்பங்கள் நெடுங்காலமாக வாழும் இடம். அங்குள்ள சிறு காற்பந்துத் திடலில் ஒரு வழக்கம் இருந்தது: கோல் வாங்கிய அணி வெளியேறும், காத்திருக்கும் அணி உள்ளே வரும். பின்னர் கணினி நிறுவன ஊழியர்கள் குடியேறினார்கள்; வீட்டு வாடகை ஏறியது. 2014-இல் ஒரு மாலை, அப்படிப்பட்ட சிலர் வந்து, மணிக்கு 27 டாலர் கட்டித் திடலைப் பதிவு செய்திருப்பதாகச் சொல்லி, பிள்ளைகளை வெளியேறச் சொன்னார்கள். பதிவு முறையானதுதான். இனத்தின் பெயரை யாரும் சொல்லவில்லை. ஆனால் வெளியேறச் சொல்லப்பட்டவர்கள் யார், பாருங்கள்!

பிள்ளைகள் சும்மா இருக்கவில்லை. காணொளி பரவியது, நகர மண்டபத்தின் முன் திரண்டார்கள். அந்தத் திடலைப் பெரியவர்களுக்கு வாடகைக்கு விடுவதை நகராட்சி நிறுத்தியது.

இங்கே சிங்கப்பூரில், புளோக் கீழ்த்தளத்தில் பந்து விளையாடக்கூடாது என்ற பலகையைத் தினமும் கடந்து போகிறோம். அங்கே விளையாடிய நம் பையன்களை அதட்டியவர்களில் நானும் ஒருவன். வேறு எங்கே போய் விளையாடுவது என்று அவர்களுக்கு நான் சொன்னதில்லை.